மலை ஊர் படிகளுக்கும் அணைக்கரைச் சேற்றுக்கும் ஒரு ஜோடி கோல்: இரண்டு வருடம் நடந்த பிறகு

ட்ரெக்கிங் ஸ்டிக் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகிற பாதையில் நீளமான இறக்கம் இருந்தாலோ, நீர்த்தேக்கத்தின் ஓரமாக நடக்க வேண்டியிருந்தாலோ வாங்குங்கள். சமமான மண் பாதையில் மட்டும் நடப்பவர் என்றால் அந்தப் பணத்தை நல்ல ஷூவில் போடுங்கள்.

நான் வைத்திருப்பது மூன்று துண்டாக நீளும் அலுமினியக் கோல், ஒரு ஜோடி. ஒவ்வொன்றும் 250 கிராம் பக்கம் இருக்கும். சுருக்கினால் 65 சென்டிமீட்டர், முழுக்க நீட்டினால் 135. கார்க் கைப்பிடி, மணிக்கட்டுக்கு ஒரு வார், கிளிப் மாதிரி மடக்கிப் பூட்டுகிற லிவர், டங்ஸ்டன் கார்பைடு முனை. இதே அமைப்பில் பல கம்பெனிகள் செய்கின்றன, அதனால் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகைக் கோல் ஒன்றும் புதியதல்ல. லெக்கி என்ற ஜெர்மன் கம்பெனி நீளத்தை மாற்றக்கூடிய கோலை 1974-லேயே கொண்டுவந்துவிட்டது.

எனக்குப் பிடித்தது மலை கிராமங்களையும் அணைக்கட்டுகளையும் சேர்த்து ஒரே நாளில் சுற்றுகிற பாதைகள். வரைபடத்தில் பார்த்தால் ரொம்ப சுலபமாகத் தெரியும். தண்ணீரை ஒட்டிய பாதையில் ஏற்ற இறக்கமே இல்லையே, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் தண்ணீரின் விளிம்பு மலையை ஒரே உயரத்தில் சுற்றி வருகிற கோடு. ஒவ்வொரு ஓடையும் வந்து சேருகிற இடத்தில் அந்தக் கோடு பள்ளத்தாக்குக்குள்ளே போய், திரும்பி, மறுபடி வெளியே வரும். எதிர்க்கரையில் நிற்கிற மரம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், அங்கே போய்ச் சேர மூன்று, நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். ஊர்ப் பாதையோ இதற்கு நேர் எதிர். வண்டிச் சாலை வருவதற்கு முன்னால் சுமை தூக்கிப் போனவர்கள் போட்ட பாதை, சுற்றி வளைக்காமல் செங்குத்தாகக் கல் படியில் ஏறும். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அணைக்கரையிலிருந்து 600 மீட்டர் மேலே இருக்கிற ஊருக்கு ஏறி இறங்கப் போகிறவர்கள், கிளம்பும் முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கோலுக்கு வருகிறேன். இந்த மாதிரி ஒரு நாளின் முடிவில் முழங்கால் வலிப்பது இறக்கத்தால்தான், ஏற்றத்தால் அல்ல. ஒவ்வொரு படியிலும் உடம்பின் மொத்த எடையும் ஒரு காலில் விழுகிறது, அந்தப் படிகளோ ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், 25 டிகிரி சரிவில் இரண்டு கோல்களோடு இறங்கியவர்களின் முழங்கால் மூட்டில் விழுந்த விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. இரண்டு படி இறங்கிப் பார்த்தாலே உங்களுக்கே தெரியும். கோலை அடுத்த படியில் முதலில் ஊன்றி, எடையைக் கைக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் காலை வைக்க வேண்டும். பலர் காலை வைத்துவிட்டுக் கோலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

நீளம் முக்கியம். சமதளத்தில் பிடித்து நின்றால் முழங்கை செங்கோணமாக மடங்க வேண்டும். ஏறும்போது அதிலிருந்து ஐந்து, பத்து சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது அதே அளவு கூட்டுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். வாரையும் மேலிருந்து கையை நுழைத்துப் போடக் கூடாது. கீழிருந்து மேலே விட்டு, வாரையும் கைப்பிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் எடை மணிக்கட்டில் உட்காரும், விரல்கள் இறுகாது. ஓடையைக் கடக்கும்போதும் வழுக்குப் பாறையிலும் மட்டும் வாரைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் கை விடுபட வேண்டும்.

ஏற்றத்தில் இதனால் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தடுமாற்றம் குறைகிறது, உண்மை. ஆனால் கையும் உழைக்கிறது இல்லையா, மூச்சு கொஞ்சம் கூடுதலாகவே வாங்குகிறது.

இந்தக் கோல் எனக்கு உண்மையில் பயன்பட்டது அணைக்கரையில். தண்ணீர் நன்றாக வற்றியிருந்த சமயம். ஓடை வந்து சேருகிற ஒரு குடாவில் பாதை உள்ளே சுற்றிப் போனது, நேராகக் குறுக்கே போனால் நூறு மீட்டர்தான். தரை முழுக்க வெடித்துப் பாளம் பாளமாக, அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு கிடந்தது. தம்பி, “அண்ணா, நல்லா காய்ஞ்சுதானே கிடக்கு, வா குறுக்கே போயிடலாம்” என்றான். கரையில் நின்றபடியே கோலை ஒரு பாளத்தின் மேல் வைத்து அழுத்தினேன். முதலில் டொக் என்று ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. முனைக்கு மேலே இருக்கிற சின்ன வட்டத் தட்டும் உள்ளே போய், ஒரு முழத்துக்கு மேல் இறங்கிவிட்டது. இழுத்தபோது கறுப்புச் சேறு வழவழவென்று கூடவே வந்தது. ஓடும் தண்ணீர் தேங்கிய நீரைத் தொட்டதும் வேகம் இழந்து, கொண்டுவந்த நுண்ணிய வண்டலை அந்த இடத்திலேயே இறக்கிவிடுகிறது. மேலே வெயில் பட்டு ஓடு கட்டிக்கொள்ளும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். தம்பி ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தான், சுற்றியே போனோம். கோல் இறங்காத இடமாக இருந்தாலும் நீர்த்தேக்கத்தின் படுகையில் குறுக்கே நடக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மின்சாரத்துக்காக இயக்குகிற அணைகளில் தண்ணீர் மட்டம் ஒரே நாளிலும் கணிசமாக மாறும்.

சரி, குறை. லிவர் பூட்டில் ஒரு சின்ன திருகு இருக்கிறது, பிடிமானம் முழுக்க அதில்தான். நடக்க நடக்க அது தளர்கிறது. வாங்கி ஐந்தாறு மாதம் இருக்கும், ஈரமான படியில் முழு எடையையும் கொடுத்து இறங்கினேன், கீழ்த்துண்டு சர்ரென்று உள்ளே போய்விட்டது. இடது முழங்கால் கல்லில் மோதி இரண்டு வாரம் வீக்கம். பெட்டியோடு வந்த காகிதத்தில் இந்தத் திருகைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதில் எனக்கு இன்னும் கோபம். கிளம்பும் முன்னால் கோலை நிறுத்தி, கைப்பிடியின் மேல் உடம்பைச் சாய்த்து அழுத்திப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் இறங்கினாலும் திருகை இறுக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று துண்டையும் பிரித்துத் துடைத்துக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு சுருக்கி வைத்தால் உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, அடுத்த முறை இழுக்கவே வராது.

திருகிப் பூட்டுகிற வகையையும் நண்பரிடம் வாங்கி நடந்து பார்த்தேன். அணைக்கரைக்கு அது சரிப்படாது, வண்டல் உள்ளே போனதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிப்பதில்லை. கார்பன் கோல் எடை குறைவு, கையில் எடுத்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கல் இடுக்கில் முனை மாட்டிக்கொண்டு உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தால் படக்கென்று ஒடிந்துவிடும். அலுமினியம் பெரும்பாலும் வளையும், வளைந்த கோலோடு வீடு வந்து சேரலாம். படிப் பாதைக்கு அலுமினியமே போதும்.

ஊருக்குள் நுழையும்போது முனைக்கு ரப்பர் மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கோலைச் சுருக்கிப் பையில் சொருகிவிடுங்கள். இது எனக்கு மனதார முக்கியமாகப் படுகிறது. அந்தப் பாதைகள் பல வீடுகளின் வாசலை ஒட்டியே போகின்றன. விடியற்காலையில் கல் படியில் பத்துப் பேர் இருபது கோல்களை டக் டக் என்று ஊன்றிக்கொண்டு போனால் உள்ளே தூங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்? கார்பைடு முனை பழைய கல்லில் வெள்ளைக் கீறலும் போடும். நாய் குரைத்தால் கோலை ஓங்காதீர்கள், முனையைத் தரைப் பக்கம் தாழ்த்திப் பிடித்து மெதுவாக நடங்கள். மண் பாதையின் ஓரத்தில் ஊன்றாமல் நடுவில் ஊன்றுங்கள், ஓரத்தில் விழுகிற துளைகள் வழியாகத்தான் மழையில் மண் சரிய ஆரம்பிக்கும். ஆனால் ஈரப் பாசி படிந்த பாறைக்கு வந்ததும் ரப்பரைக் கழற்றிவிடுங்கள், தேய்ந்த ரப்பர் அங்கே சோப்பு மாதிரி வழுக்கும்.

இரண்டு வருடத்தில் கைப்பிடியின் கார்க் என் உள்ளங்கைக்கு ஏற்றபடி கறுத்து வழவழப்பாகியிருக்கிறது, ஓரிடத்தில்கூடப் பிய்யவில்லை. வலது கோலின் முனை மட்டும் தேய்ந்து மழுங்கிவிட்டது. அதைத் தனியாகக் கழற்றி மாற்றலாம், புது முனை வந்தாயிற்று. வெந்நீரில் சற்று நேரம் வைத்து, பழையதை இடுக்கியால் திருகி இழுக்க வேண்டும். இந்த வாரக் கடைசியில் அந்த வேலைதான்.