பணமில்லாமல் ஊர் நடக்குமா? பண்டமாற்று, பங்கு, மணிக்கணக்கு, இலவசப் பங்கீடு: ஓர் ஒப்பீடு

நடக்குமா நடக்காதா என்று மொத்தமாகக் கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். பணம் பார்க்கும் வேலைகளைப் பிரித்து வைத்துக் கேட்க வேண்டும். அது விலையை அளக்கிறது, பொருளைக் கைமாற்றுகிறது, இன்றைய உழைப்பை நாளைக்குச் சேர்த்து வைக்கிறது. இந்த மூன்றையும் வேறு எந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் தாங்கும்? கடல், வயல், ரப்பர்த் தோட்டம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும் குமரி மாவட்டம் இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம்.

பண்டமாற்று

குளச்சல் கரையில் சாளை (மத்தி மீன்), மார்த்தாண்டம் பக்கம் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட். சாளைக்கு மரச்சீனி மாற்றுவது எளிது. ஆனால் பொருள்கள் கூடக் கூட மாற்று விகிதங்கள் பெருகிவிடும். 10 பொருளுக்கு 45 விகிதம் போதும். 100 பொருளுக்கு 4,950 வேண்டும். பணம் இருந்தால் பொருளுக்கு ஒரு விலை, வேலை முடிந்தது.

அதைவிடக் கொடுமை, பேரத்தில் யார் தோற்பார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். ஐஸ் இல்லாத சாளை சில மணி நேரத்தில் கெடும். பிடுங்கிய மரச்சீனி இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்கும். உலர்ந்த ரப்பர் ஷீட் மாதக்கணக்கில் இருக்கும். ஷீட் வைத்திருப்பவர் காத்திருப்பார். மீன் வைத்திருப்பவர் கேட்ட விலைக்குத் தள்ளியாக வேண்டும். பணம் இருக்கும்போது கடற்கரை மக்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச பேரபலமும் பண்டமாற்றில் போய்விடும் என்பதே எங்கள் பெரிய ஆட்சேபம்.

முழுக்கப் பண்டமாற்றிலேயே நடந்த சமூகம் என்று ஆய்வாளர்கள் எதையும் கண்டதில்லை. அர்ஜென்டினாவில் 1995-இல் தொடங்கிய பண்டமாற்றுச் சங்கங்கள் 2001-02 நெருக்கடியில் பெருகின. அவைகூடச் சொந்தச் சீட்டு அச்சடித்துத்தான் ஓடின. கள்ளச்சீட்டு பெருகியதும் சரிந்தன.

பங்கு

எங்கள் கணக்கில் இதுதான் வலுவானது. நான்கு பேர் ஏறிய ஃபைபர் வள்ளத்தில் 120 கிலோ மீன், கிலோ 100 ரூபாய் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 12,000 ரூபாயில் மண்ணெண்ணெய், ஐஸ், ஏலக் கமிஷன் என 3,600 கழிந்தால் 8,400 மிச்சம். அதில் பாதி வள்ளம், எஞ்சின், வலைக்கு. மீதிப் பாதியில் ஆளுக்கு 1,050.

இதையே பணமில்லாமல் செய்தால் 36 கிலோ செலவுக்கு, 42 கிலோ வள்ளத்துக்கு, ஆளுக்குப் பத்தரை கிலோ. பங்கிடும் முறை அப்படியே நிற்கிறது. மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில். முதலாவது, அந்த 36 கிலோ. மண்ணெண்ணெய் விற்பவர் ஒருநாள் மீன் வாங்குவார், தினமும் வாங்கமாட்டார். எஞ்சினுக்குப் பிளக் செய்து தரும் தொழிற்சாலைக்குச் சாளை எதற்கு? இரண்டாவது, வீட்டுக்குப் போன பத்தரை கிலோ. கறிக்கு ஒன்றரை கிலோ எடுத்தால் 9 கிலோ மிச்சம். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 3 கிலோ உப்பு போட்டு, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் வெயில் கிடைக்காது. ஈரம் நின்றால் புழு வைக்கும். சேமிக்கும் வேலைக்கு மீன் உதவாது. நாஞ்சில் நாட்டு நெல் ஓரளவு உதவும்.

நெல்லிலும் தகராறு உண்டு. விளைச்சல் பங்கான வாரத்துக்கு அளக்கும்போது, நெல் அளக்கும் மரக்காலைத் தலைவழித்து அளப்பதா, குவித்து அளப்பதா என்பதை அறுப்புக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். களத்தில் வைத்துப் பேசினால் கூலிக்காரர் குரல் எடுபடாது. வள்ளத்திலும் அப்படித்தான்: செலவுக் கழிவை எல்லாருக்கும் முன்னால் சொல்லாவிட்டால் பங்கு வெறும் பெயர்.

மணிக்கணக்கு

ஒருவர் ஒரு மணி நேரம் உதவினால் ஒரு மணி வரவு. அதை இன்னொருவரிடம் செலவு செய்யலாம். ஜப்பானில் ஒசாகாவில் 1973-இலேயே தெருகோ மிசுஷிமா இதை அமைப்பாக்கினார். நோயாளிக்குத் துணையிருப்பது, பிள்ளைகளைப் பார்ப்பது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது ஆகியவற்றுக்கு அருமையானது.

நடத்துவது இப்படி. முப்பது வீடு சேர்ந்தால் போதும். எல்லாரும் பூச்சியத்தில் தொடங்க வேண்டும். வரவும் பற்றும் 20 மணிக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் இருவர் கையெழுத்து. மாதக் கடைசியில் எல்லார் இருப்பையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பதிவு விட்டிருக்கிறது.

வரம்பு எதற்கு? வாஷிங்டனில் 1970-களில், பெற்றோர் மாறிமாறி ஒருவர் குழந்தையை ஒருவர் பார்க்கும் கூட்டுறவு ஒன்றில், பார்த்த நேரத்துக்குக் கிடைத்த சீட்டை எல்லாரும் சேர்த்து வைத்தார்கள், யாரும் வெளியே போகவில்லை, வேலையே நின்றது. பிறகு சீட்டைக் கூட்டியபோது, வெளியே போக எல்லாரும் தயார், குழந்தை பார்க்க ஆள் இல்லை. இன்னொரு சிக்கல் தென்னை ஏறுபவரின் மணி. உயிரைப் பணயம் வைக்கும் மணியும் திண்ணையில் துணையிருக்கும் மணியும் சமம் என்றால் அவர் விலகுவார். அவர் விலகுவதில் நியாயமும் உண்டு. ஆபத்தான வேலையை இதில் சேர்க்காமல் விடுவதே நல்லது.

இலவசப் பங்கீடு

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். உறுப்பு தானத்தில் 1994 சட்டம் விற்பனையையே தடுக்கிறது. இறந்தவர் தந்த உறுப்பு, காத்திருப்போர் பட்டியல் வரிசைப்படி போகிறது. எல்லாருக்கும் ஒரேமாதிரித் தேவை, அளவை விதியால் சொல்ல முடியும் என்ற இடத்தில் இது நிற்கும். யாருக்கு நெய்மீன், யாருக்கு நெத்திலி என்று அதிகாரி தீர்மானிக்க வந்தால் நிற்காது. கம்போடியாவில் 1975-இல் பணத்தையே ஒழித்தார்கள். சோற்றை அளந்து போடும் கையிலேயே முழு அதிகாரமும் சேர்ந்தது. பட்டினியில் மக்கள் செத்தார்கள். 1980-இல் ரியல் நாணயம் திரும்பியது.

எதற்கு எது

உற்பத்திக்குப் பங்கு, பராமரிப்புக்கு மணிக்கணக்கு, உயிர்த்தேவைக்கு இலவசப் பங்கீடு. பண்டமாற்றை அவசர நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் அதைவிடச் சிறந்தது தெரிந்தவர்களுக்குள் கடன். 2016 நவம்பர் 8-க்குப் பிறகு, மதிப்பில் 86 சதவீத நோட்டு செல்லாமல் போனபோது நாடெங்கும் கைகொடுத்தது கடைக்காரரின் பற்றுநோட்டு.

ஒரு கடற்கரை ஊர் இவற்றைச் சேர்த்து நடத்த நினைத்தால், எரிபொருள், ஐஸ், உதிரிபாகம், மருந்து ஆகியவற்றைப் பணத்திலேயே விட்டுவிட வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் அது மீனில் 30 சதவீதம். அந்தப் பங்கை முதலில் ஏலத்தில் விற்றுப் பொது நிதியில் போட்டுவிட்டு, மீதி 84 கிலோவைப் பங்கிட்டால், மறுநாள் வள்ளம் இறங்க எண்ணெய் இருக்கும்.