டிஸ்க்கில் இருப்பது இன்னும் அந்தப் பழைய பதிப்புதான்: மூன்று ஆண்டு அனுபவம்

2022 பிப்ரவரியில் வெளியான வாரத்திலேயே, பாளையங்கோட்டையில் 3,999 ரூபாய்க்கு டிஸ்க்காக வாங்கிய ஒரு வீடியோ கேமை நானும் என் அக்கா மகனும் இன்றுவரை ஆடிவருகிறோம். முதல் பத்து மணி நேரம் ஒரு குறையும் இல்லை. பிறகு, சுரங்கத்துக்குள் இறங்கும் லிஃப்டின் கதவு திறக்கவில்லை. வெளியே நின்ற துணைப் பாத்திரம் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. "மாமா, நான்தான் எதையும் தப்பா அமுக்கிட்டேனா?" என்று அவன் கேட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஐந்து வாரம் கழித்து வந்த 38 ஜிபி பேட்ச்சுக்கு (பிழைகளைத் திருத்த இணையம் வழியாக வரும் கோப்பு) பிறகே அந்தக் கதவு திறந்தது. அடுத்தடுத்த அப்டேட்டுகளில் இது நல்ல கேமாகிவிட்டது என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்த பிறகு, மின்சாரம் திரும்பியும் எங்கள் தெருவுக்குச் சில நாள் இணையம் வரவில்லை. பகலில் வண்ணார்பேட்டையில் உறவினர் வீட்டுச் சேற்றை அள்ளிவிட்டு, இரவில், இடம் போதாமல் முன்பே நீக்கியிருந்த அந்த கேமை டிஸ்க்கிலிருந்து மீண்டும் ஏற்றினோம். புதிய பதிப்பில் சேமித்த ஆட்டம் பழையதில் திறக்காததால் முதலிலிருந்து தொடங்கி, நான்காம் இரவு அந்த லிஃப்டை அடைந்தபோது கதவு மூடியே இருந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒருநாளும் சரிசெய்யப்படவில்லை. சரியான கேம் நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, அந்த சர்வர் நிறுத்தப்படும் நாளில் அதுவும் போய்விடும்.

இரவு பகலாக உழைக்கும் நிரலாளர்களை நான் குறைசொல்லவில்லை. வேலை முடியாதது தெரிந்தும் வெளியீட்டுத் தேதியை மாற்ற மறுப்பவர்களே பொறுப்பு. 2020 டிசம்பர் 10 அன்று வெளியான 'சைபர்பங்க் 2077' என்ற கேம் பழைய கன்சோல்களில் (டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவிகள்) திணறியபோது, சோனி சுமார் ஒரு வாரத்தில் அதைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கிப் பணத்தையும் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூனில்தான் மீண்டும் விற்பனைக்கு வைத்தது. அந்த அளவு ஊர் கூடிக் கூச்சலிடாத கேம்களுக்கும் இதே நியாயம் வேண்டும், டிஸ்க் வாங்கியவர் கேட்டால் திருத்திய டிஸ்க் தர வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளுக்கு நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். எனக்கு அது தெரியவந்தபோது அந்தக் காலம் கடந்துவிட்டது. டிஸ்க்காக ஒரு கேமை இப்போது வாங்க நினைப்பவர்கள் பில்லைக் கேட்டு வாங்கி, டிஸ்க் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.