ஞாயிற்றுக்கிழமைக்கு எது தாங்கும்? ஸ்டுட்கார்ட்டில் ஹோட்டலா, வாடகை வீடா

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஊரில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கார் உதிரிபாகத் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஜெர்மனியின் கார் நகரமான ஸ்டுட்கார்ட் பக்கத்துத் தெரு மாதிரி. என்றாவது ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். நான் இரண்டு முறை போனேன். 2024 மார்ச், ஏப்ரலில் ஆறு வாரம் ஹோட்டலில் தங்கினேன். 2025 ஏப்ரல் 7 முதல் பதினொரு வாரம், கட்டில், மேசை, பாத்திரம் எல்லாம் போட்டுக் கொடுத்த ஒரு சிறிய வாடகை வீட்டில் இருந்தேன். அடுத்துப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து கேட்பது இதைத்தான்: எதை எடுக்கலாம்? மூன்று வாரத்துக்கு மேல் என்றால் வீடு. அதற்குக் குறைவு என்றால் ஹோட்டல். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஹோட்டலில் படுக்கையை வேறொருவர் விரிப்பார், அலுவலகத்தில் கொடுக்க ஒரே பில் வரும், காலைச் சாப்பாடு கீழே காத்திருக்கும். வீட்டில் இடம் அதிகம், அடுப்பு உண்டு, செலவு குறைவு. எனக்கு ஒரு வார வீட்டு வாடகை, ஹோட்டலுக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதிதான் ஆயிற்று. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். ஏப்ரல் கடைசியில் ஸ்டுட்கார்ட்டின் கான்ஸ்டாட் மைதானத்தில் வசந்தத் திருவிழா தொடங்கியதும் நான் தங்கிய ஹோட்டலில் அறை வாடகை மளமளவென்று ஏறியது. வீட்டு வாடகை திருவிழாவைப் பார்த்து ஏறாது.

காகித வேலை வீட்டுக்குத்தான் அதிகம். ஆனால் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர் கூட்டம், பேச்சுவார்த்தை போன்ற அலுவல்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம். அதற்கு மேற்பட்ட வேலை என்றால் உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஜெர்மனியில் குடியேறுகிறவர்கள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வெளிநாட்டில் வீடு உள்ளவர்கள் மூன்று மாதம் வரை பதியத் தேவையில்லை. வாடகையில் இரண்டு வகை சொல்வார்கள். 'குளிர் வாடகை' என்றால் வெறும் இடத்துக்கு மட்டும். 'சூட்டு வாடகை' என்றால் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்த்து. எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகையைத் தாண்டக் கூடாது. என்னிடம் ஒரு மாதத்துக்குத்தான் வாங்கினார்கள், ஒரு காசு குறையாமல் திரும்பியும் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. அது வாடகையில் அடங்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் எப்படியும் சமாளிக்கக் கூடியவை. என்னை வீட்டின் பக்கம் சாய்த்தது வாடகையும் இல்லை, அடுப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

மிஷிகனில் ஞாயிறு காலை என்பது வாரச் சாமான் வாங்கும் நேரம். ஜெர்மனியில் அன்று கடை திறக்காது. சின்னக் கடை, பெரிய கடை, துணிக் கடை, மரச் சாமான் கடை எதுவுமே இல்லை. ஞாயிறும் பண்டிகை நாளும் ஓய்வு நாட்களாகச் சட்டத்தால் காக்கப்படும் என்று 1919ஆம் ஆண்டு வைமர் அரசமைப்புச் சட்டம் சொன்னது. 1949இல் வந்த இப்போதைய அரசமைப்பான அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. 2006இல் கடை நேரத்தை முடிவு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்குப் போனது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வூர்ட்டம்பர்க்கில் திங்கள் முதல் சனி வரை கடை எத்தனை மணிக்கும் திறந்திருக்கலாம். ஆனால் ஞாயிறை யாரும் தொடவில்லை. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், சில மணி நேரம் பேக்கரி என்று சில விலக்குகள் மட்டும் உண்டு. புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் கேட்கும் என்பதால்.

பண்டிகைகளையும் சேர்த்துப் பாருங்கள். 2025இல் நான் இருந்த 77 நாளில் ஞாயிறு 11. அதோடு புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே தினம், விண்ணேற்ற நாள், பெந்தெகொஸ்தே திங்கள், கார்ப்புஸ் கிறிஸ்டி என்று ஆறு விடுமுறை. மொத்தம் 17 நாள் கடை இல்லை. நான்கரை நாளுக்கு ஒரு நாள் ஊர் மூடிக் கிடக்கும். அந்தப் பதினேழு நாளை எங்கே, எப்படிக் கழிக்கப் போகிறீர்கள் என்பதுதான் ஹோட்டலா வீடா என்ற கேள்வியின் உண்மையான பொருள்.

2024இல் ஈஸ்டர் மார்ச் 31. வெள்ளிக்கிழமை கடை இல்லை, சனிக்கிழமை உண்டு, ஞாயிறும் திங்களும் மீண்டும் இல்லை. எனக்கு இது தெரியாது. சனிக்கிழமை நன்றாக ஊர் சுற்றினேன், வெறுங்கையோடு திரும்பினேன். ஞாயிறு விடியும்போது காய்ச்சல். அமெரிக்காவில் எந்தப் பெட்ரோல் பங்கிலும் காய்ச்சல் மாத்திரை கிடைக்கும். ஜெர்மனியில் அது மருந்துக் கடையில் மட்டும்தான். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்து, அன்று முறை வைத்துத் திறந்திருக்கும் மருந்துக் கடையின் முகவரியை எழுதிக் கொடுத்தார். போனேன். கதவு பூட்டியிருந்தது. மணியை அழுத்தியதும் கதவில் சிறு சாளரம் ஒன்று திறந்தது. மருந்தாளுநர் என் முகத்தைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டார், மாத்திரையை நீட்டினார், விலையோடு அவசர நேரக் கட்டணம் 2.50 யூரோ வாங்கிக்கொண்டார். அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஊரே ஓய்வெடுக்கும் நாளில் நோயாளிக்காக ஒருவர் விழித்திருக்கிறார்.

ஆனால் மாத்திரையோடு அறைக்குத் திரும்பிய பிறகு என்ன செய்வது? வாய்க்கு வேண்டியிருந்தது ஒரு குவளை கஞ்சி. அறையில் வெந்நீர் வைக்கும் கெட்டில்கூடக் கிடையாது; ஜெர்மனியில் பல ஹோட்டல்களில் இருப்பதில்லை. கீழே உணவகம் ஞாயிறு மாலை விடுமுறை. காலையில் எடுத்து வைத்திருந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் இரவுச் சாப்பாடு. படுத்தபடி சன்னல் வழியே தேவாலய மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ வெந்துகொண்டிருந்தது. ஜெர்மனியின் ஞாயிறு வீட்டுக்குள்ளே நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வீடு இல்லாதவனுக்கு அதில் இடமில்லை.

அடுத்த ஆண்டு வீடு எடுத்ததும் என் வாரம் சனிக்கிழமையில் வந்து நின்றது. காலையில் காலி பாட்டில்களோடு கிளம்புவேன். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் என்று வாங்கும்போதே கொடுத்து வைத்த பணம், கடையில் உள்ள இயந்திரத்தின் வாய்க்குள் பாட்டிலைத் தள்ளினால் சீட்டாகத் திரும்பி வரும். பிறகு நகர நடுவில் சந்தைச் சதுக்கத்தில் சனிக்கிழமைச் சந்தை. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை வெள்ளை ஆஸ்பாரகஸ் பருவம். அதைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கும் அழகை நின்று பார்க்க வேண்டும். அதன் பிறகு ஈழத்துத் தமிழர் ஒருவரின் கடை. அரிசி, துவரம்பருப்பு, கறிவேப்பிலை. 'தம்பி எவ்வளவு நாள் நிற்பீர்கள்?' என்று முதல் வாரம் கேட்டவர், மூன்றாவது வாரத்திலிருந்து என் கறிவேப்பிலையைத் தனியே எடுத்து வைத்தார். மாலை நான்கு மணிக்குள் வீடு நிறைந்துவிடும். ஞாயிறு எப்படி வந்தாலும் வரட்டும் என்று இருக்கும்.

ஞாயிறு காலை பேக்கரிக்கு நடந்து போய் வெண்ணெய் தடவிய பிரெட்சல் ஒன்று. பிறகு சமையல். ஊரிலிருந்து சிறிய குக்கர் கொண்டுபோயிருந்தேன். முதல் ஞாயிறு, மூன்றாவது விசிலுக்குக் கதவு மணி அடித்தது. கீழ் வீட்டு அம்மையார், எழுபது வயது இருக்கும், ஏதாவது ஆபத்தா என்று கவலையோடு நின்றார். உள்ளே அழைத்துக் குக்கரைக் காட்டினேன். சிறிது நேரத்தில் அவர் தம் வீட்டுக் குக்கரோடு திரும்பி வந்தார். கனமான எஃகு; விசிலே அடிக்காது. மூடியில் ஒரு சிறு தண்டு மட்டும் மெல்ல எழும்பும், அதில் தெரியும் வளையத்தைப் பார்த்து அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் கைஸ்லிங்கனில் உள்ள தொழிற்சாலையில் செய்தது என்று பெருமையாகச் சொன்னார். பத்து வாரமும் அதில்தான் பருப்பு வேகவைத்தேன். ஞாயிறு மதியம் ஒரு கிண்ணம் சாம்பார் கீழே போகும், பயறும் 'ஷ்பெட்ஸ்ல' என்கிற முட்டை நூடுல்சும் மேலே வரும். இதை எந்த ஹோட்டலிலும் வாங்க முடியாது.

பராமரிப்பைப் பற்றிப் பலர் தயங்குகிறார்கள், நியாயம்தான். காகிதம், சமையற்கழிவு, பொட்டலக் கழிவு, மீதி என்று குப்பையை நான்காகப் பிரிக்க வேண்டும். கண்ணாடியை வெள்ளை, பழுப்பு, பச்சை என்று தெருமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டுட்கார்ட் அடங்கிய ஸ்வாபியப் பகுதிக்கே உரிய 'கேர்வொஹெ' வேறு இருக்கிறது, அதாவது கூட்டும் வாரம். அந்தப் பெயர் எழுதிய சிறு பலகை உங்கள் கதவில் தொங்கினால் அந்த வாரம் படிக்கட்டு உங்கள் பொறுப்பு. ஊரைத் துப்புரவாக வைக்க ஒவ்வொருவரும் கழிவை வாரந்தோறும் அகற்ற வேண்டும் என்று 1492இலேயே ஸ்டுட்கார்ட்டில் நகர விதி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி இது. கூட்டி, ஈரத் துணியால் துடைத்து, கைப்பிடியையும் ஒருமுறை துடைத்துவிட்டு, பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. துணி துவைக்கும் இயந்திரம் நிலவறையில். ஞாயிறு ஓட்டக் கூடாது என்பது அந்த வீட்டு விதி. உலர்த்தக் கொடிதான். மிஷிகனில் என் குடியிருப்புச் சங்கம் கொடி கட்ட அனுமதிப்பதில்லை, ஆகவே வெயில் வாசத்தோடு சட்டை மடித்து எத்தனையோ ஆண்டு ஆகியிருந்தது. வாரத்துக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். ஹோட்டலில் ஒவ்வொரு சட்டைக்கும் தனிக் கட்டணம் கொடுத்ததை நினைத்தால் இது சுமையாகத் தெரியவில்லை.

ஹோட்டல் தெளிவாக வெல்லும் இடம் ஒன்று உண்டு: ஏதாவது பழுதாகும்போது. மே 29, விண்ணேற்ற நாள், வியாழக்கிழமை. காலையில் வெந்நீர் வரவில்லை. வீட்டுக்காரர் தொலைபேசியை எடுக்கவில்லை. மறுநாள் வெள்ளி, பலரும் இடையில் வரும் அந்த நாளையும் சேர்த்து விடுப்பு எடுக்கும் நாடு அது. வெந்நீர் திங்கள் மாலை வந்தது. மூன்று நாள் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு, ஞாயிறன்று லொய்ட்ஸ ஊற்றுக் குளியலகத்துக்குப் போய்விட்டேன். ஹோட்டலில் பத்து நிமிடத்தில் வேறு அறை கொடுத்திருப்பார்கள். சாவியும் அப்படித்தான். கதவு சாத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும், வெளியே திருகும் பிடி கிடையாது. மாற்றுச் சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நான் தனியாகப் போனேன், இரண்டு முறையும் வசந்த காலத்தில். குளிர்காலத்து வெப்பமூட்டல் செலவு என் கணக்கில் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கும். பெர்லின் மாதிரி ஊரில் ஞாயிறும் திறக்கும் மூலைக் கடைகள் உண்டு, அங்கே என் வாதம் இவ்வளவு அழுத்தமாக நிற்காது.

2026 செப்டம்பர் கடைசியில் மீண்டும் போகிறேன், பத்தே நாள். ஆகவே ஹோட்டல்தான். அறையில் கெட்டில் உண்டா என்று கேட்டுத்தான் பதிவு செய்தேன். அக்டோபர் 3 ஜெர்மன் ஒருமைப்பாட்டு நாள்; இந்த முறை அது சனிக்கிழமையில் வருகிறது. அடுத்த நாள் ஞாயிறு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பழமும் தண்ணீரும் வாங்கி வைத்துவிடுவேன். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கீழ் வீட்டு அம்மையார் அழைத்திருக்கிறார். அவருக்காகச் சாம்பார்ப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன்.