பழைய 911 வாங்கப் போகிறவருக்கு: எஞ்சினை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூக்கைப் பாருங்கள்

பிரிட்டனில் 997 தலைமுறை போர்ஷே 911 தேடிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "ஆசை ஜிடி3 மேல. கையில இருக்கிறது கரேரா எஸ்ஸுக்கு. கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா டர்போ. எதை எடுக்கிறது?"

இந்த 911 வகைகள் மூன்றும் வேண்டாம். 997.2 (997-இன் 2008-க்குப் பிந்தைய பதிப்பு), 3.6 லிட்டர் சாதாரண கரேரா, பின்சக்கர ஓட்டம், கூப்பே, 18 அங்குல வீல். விளம்பரங்களில் யாரும் நின்று பார்க்காத வண்டி அதுதான். பேட்ஜில் எஸ் இல்லை, 4 இல்லை, பின்னால் இறக்கை இல்லை. தினமும் எடுத்து ஓட்டுவதற்கென்று ஒரு 911 உண்டு என்றால் இதுதான்.

ஜிடி3-இல் பின்சீட்டே கிடையாது. முன் உதடு தரையை ஒட்டி இருப்பதால் கார் பார்க் சரிவு ஒவ்வொன்றிலும் உரசும். டர்போ அப்படியில்லை, சொகுசான வண்டி. ஆனால் ஜிடி3-இலும் 997.1 டர்போவிலும் இருக்கும் மெட்ஸ்கர் எஞ்சினில் கூலன்ட் குழாய் இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஆண்டுகள் போகப் போக சூட்டில் அந்தப் பசை விடும். ஒருநாள் இணைப்பு கழன்றால் கூலன்ட் மொத்தமும் பின்டயருக்கு அடியில். எஞ்சினை இறக்கி அந்த இணைப்புகளை வெல்டிங் செய்வதோ ஆணி (பின்) அடித்துப் பிடிப்பதோதான் நிரந்தர வழி. அந்த டர்போவைப் பார்க்கப் போனால் அந்த வேலை முடிந்ததற்கு பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

கரேராவுக்குள் வந்தால் 2008-ஐ ஒட்டி ஒரு கோடு போடலாம். அதற்கு முந்தைய 997.1-இல் இருப்பது எம்96/எம்97 குடும்ப எஞ்சின். ஐ.எம்.எஸ். (எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டு) பேரிங் என்று எல்லோரும் பயமுறுத்துவது இந்த வகையைத்தான். 2005 வாக்கில் வரை வந்த சிறிய பேரிங்கை, கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே பின்பக்கமாக எடுத்து மாற்றலாம். அதற்குப் பிறகு போட்ட பெரிய பேரிங் வலுவானது, ஆனால் எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் வெளியே வராது. பேரிங்கை விடப் பெரிய தலைவலி சிலிண்டர் சுவர் கீறல். 3.8 லிட்டர் எஸ்ஸில் இது அதிகம், அதிலும் ஆறாம் சிலிண்டர் பக்கம். எஞ்சின் சூடான பிறகும் ஒரே பக்கத்திலிருந்து டிக் டிக் சத்தம், ஆயில் குறைந்துகொண்டே போவது, இரண்டு சைலன்சர் வாயில் ஒன்றில் மட்டும் கரி. இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே போரோஸ்கோப் (துளை வழியாக உள்ளே விடும் கேமரா) விட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்பார்க் ப்ளக் துளை வழியாகப் பார்த்தால் சுவரின் மேல்பாதிதான் தெரியும். சம்ப்பை (எஞ்சினின் அடி ஆயில் தட்டை) கழற்றிக் கீழிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

997.2-இல் எஞ்சின் முற்றிலும் புதியது. நேரடி எரிபொருள் செலுத்தல், ஐ.எம்.எஸ். தண்டே இல்லை, அலுசில் (சிலிக்கான் கலந்த அலுமினிய) வார்ப்பு. சுவர் கீறல் பற்றிய பேச்சு வெகுவாகக் குறைந்தது. உயரழுத்த எரிபொருள் பம்ப் மட்டும் சில வண்டிகளில் போகும். செல்ஃப் நீளமாக இழுத்துக் கிளம்பினால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். 3.6-இன் திறன் 345 குதிரை, எஸ்ஸின் 3.8-க்கு 385. மேனுவல் கியரில் 0-100 கி.மீ. வேகத்தை ஒன்று 4.9 விநாடியில் எட்டுகிறது, மற்றது 4.7-இல். இந்த 0.2 விநாடியை லண்டனைச் சுற்றும் எம்25 நெடுஞ்சாலையில் எந்த இடத்தில் செலவழிப்பது என்று எஸ்தான் வேண்டும் என்பவர்கள் சொல்லட்டும்.

18 அங்குலம் என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரேராவின் 18 அங்குல அளவு முன்னால் 235/40, பின்னால் 265/40. எஸ்ஸோடு வரும் 19 அங்குலத்தில் பின்னால் 295/30. பக்கச்சுவர் மெலிந்த டயரில் ஒரு குழியில் இறங்கினால் வீல் விளிம்பு வளைகிறது, விலையும் கூடுதல். பின்டயர் எப்போதும் உள்விளிம்பில்தான் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் நல்ல டயர், உள்ளே கம்பி தெரியும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். நான்கு டயரும் ஒரே மாடல்தானா, பக்கச்சுவரில் என்0, என்1 போன்ற போர்ஷே குறி இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பின்னால் இரண்டு கம்பெனி டயர் கலந்திருந்தால், பராமரித்தவர் எங்கெல்லாம் காசு மிச்சம் பிடித்திருப்பார் என்று புரிந்துகொள்ளலாம்.

நான்கு சக்கர ஓட்டம் கொண்ட 4 எதற்கு வேண்டாம்? கரேரா 4-இன் உடல் 44 மி.மீ. கூடுதல் அகலம், 1,808-க்கு பதில் 1,852. பிரிட்டனின் பழைய பல மாடிக் கார் பார்க்கில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. முன்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் டிஃபரன்ஷியலுக்காக முன் டிக்கி 135 லிட்டரிலிருந்து 105 ஆகச் சுருங்குகிறது. ஈரச் சாலையில் பிடிப்பு வேண்டுமென்றால் நல்ல டயரே முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும்.

இந்த வண்டியில் எதிர்பார்க்காத சுகம் அந்த டிக்கியும் பின்சீட்டும்தான். 135 லிட்டர் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். ஆழமான சதுரக் குழி அது, விமானக் கேபினுக்குள் எடுத்துப்போகும் பெட்டி இரண்டு நிமிர்ந்தே நிற்கும். பின்சீட்டின் முதுகுகளைத் தனித்தனியாக மடக்கினால் தட்டையான மேடை வந்துவிடும், இன்னொரு 205 லிட்டர். மளிகைப் பைகள், மடக்கிய குழந்தை வண்டி, எல்லாம் அங்கே. சிறு பிள்ளைகள் இருவர் பள்ளி வரை உட்கார்ந்து போகலாம்; பெரியவர் உட்கார்ந்தால் அவர் உறவு முறியும். கண்ணாடிகள் நிமிர்ந்து நிற்பதால் நாலு பக்கமும் தெளிவாகத் தெரிகிறது. முன் மட்கார்டின் இரண்டு மேடும் கண்ணெதிரே இருப்பதால் மூக்கு எங்கே முடிகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. இந்த விலையில் வரும் மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் ரிவர்ஸ் எடுப்பதே ஒரு பிரார்த்தனை.

பிடிகே (இரட்டைக் கிளட்ச் தானியங்கி) கியர்பாக்ஸ் அற்புதம், ஸ்டீயரிங் பட்டன்கள் கோமாளித்தனம். சாதாரண ஸ்டீயரிங்கில் இரு பக்கமும் ஒரே மாதிரிப் பட்டன். முன்னால் தள்ளினால் மேல் கியர், பின்னாலிருந்து இழுத்தால் கீழ் கியர். வளைவில் கை மாறும்போது எதைத் தொட்டோம் என்றே தெரியாது. துடுப்பு வைத்த ஸ்டீயரிங் தனி ஆப்ஷன், அது இருக்கிற வண்டியைத் தேடுங்கள். மேனுவல் என்றால் ரெவ் ரிப்போர்ட் (எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்ற பதிவு) கேளுங்கள். 997-இல் ஆறு நிலைகளாகப் பதிவாகும். மேல் நிலைகளில், அதாவது 4 முதல் 6 வரை எண்ணிக்கை இருந்தால் யாரோ ஐந்துக்குப் போட வேண்டிய கியரை மூன்றில் போட்டிருக்கிறார் என்று பொருள். கடைசிப் பதிவு எத்தனை ஓட்ட மணிக்கு முன் நடந்தது என்பதுதான் முக்கியம். நூறு மணி நேரம் முந்தையதென்றால் மூச்சு விடலாம்.

சாலை வரியில் ஒரு தேதி விளையாடுகிறது. 23 மார்ச் 2006-க்கு முன் பதிவான வண்டி வெளிவிடும் கரியமில வாயு எவ்வளவு கூடினாலும் வரி கே பிரிவோடு நின்றுவிடும். பிறகு பதிவானவை எல் அல்லது எம் பிரிவு, ஆண்டுக் கட்டணம் கணிசமாகக் கூடும். வரியை மட்டும் பார்த்து ஆரம்பகால 997.1 பக்கம் போகிறவர்கள் உண்டு. வரியில் மிச்சப்பட்டது எஞ்சின் வேலையில் போகாது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

சரி, இப்போது மூக்கு.

1997-இல் வந்த 996-இலிருந்து 911-க்குத் தண்ணீர்க் குளிர்ச்சி. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன்னால். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் முன், பம்பருக்குள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏ.சி. கண்டென்சர் (ஏ.சி. கேஸைக் குளிர்விக்கும் தட்டு). இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடைவெளி. பம்பரின் காற்றுவாயோ அகலத் திறந்தது. வழியில் கம்பி வலை கிடையாது. லண்டன் தெரு பிளேன் மரத்தின் இலை உள்ளங்கை அகலம். வண்டி போகிற வேகத்துக்கு அது நேராக உள்ளே போய் கண்டென்சரில் ஒட்டும், பொடியும், பொடி இடுக்கில் இறங்கும். வெளியேற வழி இல்லை. மழையில் ஊறி, கீழ் மூலையில் ஈரச் சக்கையாகத் தங்கும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அதில் கலக்கும். அலுமினியத்தை அரிக்க இதைவிடத் தோதான சமையல் குறிப்பு இல்லை.

முதலில் போவது கண்டென்சர். கீழ்விளிம்பில் ஊசித்துளை விழுந்து கேஸ் மெல்லக் கசியும். ஓடும்போது ஏ.சி. ஜில்லென்று இருக்கும், சிக்னலில் நின்றால் வெறும் காற்று. ஒரு பக்கம் போனால் மற்றது சீக்கிரம் தொடரும், வயது ஒன்றுதானே. சுற்றைத் திறந்த பிறகு கேஸின் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றுவதுதான் முறை. அதோடு முடியாது. ரேடியேட்டர் ஃபேனின் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டரும் அதே ஈரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது அரித்துப் போனால் ஃபேன் குறைந்த வேகத்தில் சுற்றாது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே முழு வேகத்தில் அலறும். வாங்கப் போகும்போது செய்ய வேண்டியது சுலபம்: எஞ்சின் ஐடிலில், ஏ.சி.யை அழுத்துங்கள். இரண்டு பக்க ஃபேனும் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். குனிந்து ஒவ்வொரு பக்கமாகக் காது கொடுங்கள். ஒரு பக்கம் அமைதி என்றால் பில்லை இப்போதே பேசிவிடலாம்.

டார்ச் அடித்துக் காற்றுவாய்க்குள் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். தெரிவது கண்டென்சரின் முகம் மட்டும். குப்பை அதன் முதுகில். போனில் செருகும் எண்டோஸ்கோப் கேமரா மலிவாகக் கிடைக்கிறது, மேல் இடுக்கு வழியாக அதை இறக்கினால் உண்மை தெரியும்.

ஒழுங்காகச் சுத்தம் செய்ய பம்பர் கழல வேண்டும். முன் மூடியைத் திறந்து மேல்விளிம்பு ஸ்க்ரூக்கள், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் உள்ளவை, சக்கரக் குடைவின் முன்பாதி லைனர், அடித்தட்டு ஸ்க்ரூக்கள், இண்டிகேட்டர் பிளக், வெளிவெப்ப சென்சர் பிளக். பெயின்ட் கீறாமல் பிடிக்க இரண்டாவது ஆள் வேண்டும். உப்பு தின்ற ஸ்க்ரூக்கள் சில உடையும், அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். கண்டென்சரின் பிடிப்புகளை எடுத்தால் கேஸ் குழாயைத் தொடாமலே அதைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கலாம். அந்த இடுக்கில் மெல்லிய மூக்கு வைத்த வேக்யூம், பிறகு மென்மையான பிரஷ். வடிகட்டிய தேயிலைச் சக்கை மாதிரி கருப்பாக, கனமாக வரும். இறகு, சிகரெட் துண்டு, ஒரு சாக்லேட் உறைகூட வரும். ஹைபிரஷர் தண்ணீர் அடிக்கவே கூடாது, இதழ்கள் மடிந்து காற்றுவழி மூடிவிடும். இலை உதிர்ந்து முடிந்து உப்பு தூவத் தொடங்கும் முன், நவம்பர் கடைசியில் இதைச் செய்வது உத்தமம்.

பிறகு, பம்பர் கழன்றிருக்கும்போதே காற்றுவாயில் துருப்பிடிக்காத கம்பி வலை மாட்டிவிடுங்கள். மிக நெருக்கமான வலை காற்றை மறிக்கும், மிக அகலமானது சிறு இலையை விடும். இலை வலைக்கு வெளியே ஒட்டும். பெட்ரோல் போடும்போது கையால் எடுத்துப் போடலாம். இதைத் தொழிற்சாலையிலேயே ஏன் செய்யவில்லை என்பதுதான் கோபம். ஆயிரக்கணக்கான மணி நேரம் காற்றுச் சுரங்கத்தில் செதுக்கிய மூக்கு, ஒரு முழ வலைக்கு மனம் வரவில்லை. நியாயமாகச் சொன்னால், வலை காற்றோட்டத்தைக் குறைக்கும் என்று அவர்களிடம் கணக்கு இருந்திருக்கும். அந்தக் கணக்கில் மரம் இல்லை. போர்ஷேவின் பாக்ஸ்டர், கேமன் பக்கம் ஓடினாலும் தப்ப முடியாது, அங்கும் இதே ஏற்பாடுதான்.

பேட்டரி செத்தால் முன் மூடி திறக்காது, பேட்டரியோ முன் மூடிக்குள். கால்வைக்கும் இடத்துப் பக்கச்சுவரில் உள்ள ஃப்யூஸ் பெட்டியில் ஒரு பிளஸ் முனையை வெளியே இழுக்கலாம். அதில் சிவப்பு வயர், கதவின் உலோகப் பகுதியில் கருப்பு, பிறகு மூடி ஸ்விட்ச். அலாரம் கத்தினால் பதற வேண்டாம்.

ஆயில் பார்க்கக் குச்சி இல்லை, திரையில்தான். ஒரு கட்டம் குறைந்ததும் ஒரு லிட்டர் ஊற்றுகிறவர்கள் பிறகு சைலன்சரில் வெள்ளைப் புகை என்று வருகிறார்கள். சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.

ஆக, எதை எடுப்பது? மேலே சொன்ன 3.6-தான் சரியான மாடல், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உங்கள் தெருவில் பிளேன் மரம் இருந்து, வீட்டில் கராஜும் இல்லையென்றால், அக்டோபர் வருகிறது. இந்த ஆண்டு வாங்காதீர்கள்.