கல்லூரிக் கூடைப்பந்து வீரர் தொழில்முறை ஆட்டத்துக்கு ஓராண்டில் கிளம்புவதா, பட்டம் வாங்கிய பிறகா?

டிம் டங்கன் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டும் இருந்தார். பட்டம் வாங்குவேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில், 1997இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, ஐந்து முறை சாம்பியன் ஆனார்.

கிரெக் ஓடன் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடியது ஓராண்டுதான். வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் இடது கையால் ஃப்ரீ த்ரோ (தடுப்பார் இல்லாமல் கூடைக்கு எறியும் பந்து) போட்ட பையன் அவர். 2007இல் அவரும் முதல் ஆள். முழங்கால் காயங்கள் அவரை என்.பி.ஏ.வில் 105 ஆட்டங்களோடு நிறுத்திவிட்டன.

அவசரப்பட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அதே முழங்கால் கல்லூரியில் போயிருந்தால் சம்பளமே பார்த்திருக்க மாட்டார். முதல் சுற்றில் தேர்வானால் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. அந்த இடம் நிச்சயமென்றால் கிளம்பட்டும். இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது. அங்கே இழுபறியில் நிற்பவர் படிக்கட்டும். 2021 முதல் மாணவ வீரர்களும் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம்.

ஓடன் திரும்பிப் போய் 2019இல் பட்டம் வாங்கினார்.