புல்லிங் இல்லாத பழைய பிக்கப்: வேக்குவம் கேஜ் கிட் வாங்கலாமா?

பழைய பெட்ரோல் பிக்கப் மேட்டில் திணற ஆரம்பித்தால் பிளக், ஃபில்டர், ஃப்யூயல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் வாங்க வேண்டியது, எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை (வேக்குவம்) அளக்கும் இந்த வேக்குவம் கேஜ் கிட். முள் டயல், ரப்பர் ஹோஸ், டி ஜாயின்ட், சில அடாப்டர்கள், அவ்வளவுதான். ஓபிடி சாக்கெட் (ஸ்கேனர் மாட்டும் இடம்) உள்ள வண்டிக்கும் இது வேண்டும். மலிவு ஸ்கேனரில் எண்கள் நிதானமாகத்தான் மாறும், முள்ளின் துடிப்பு அதில் தெரியாது. டீசல் வண்டிக்காரர்கள் வாங்க வேண்டாம். பெரும்பாலான பழைய டீசல் எஞ்சினில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு கிடையாது, அதனால் சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் சொல்லும்படி வேக்குவமும் இருக்காது.

டயலில் பச்சை, மஞ்சள் பட்டை போட்டு, "வால்வ் டைமிங் தாமதம்" என்றெல்லாம் அச்சடித்திருப்பார்கள். அதை நம்பக் கூடாது. கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். மலை ஊரில் சரியான எஞ்சின்கூட மஞ்சளில் நிற்கும். எண்ணைவிட முள்ளின் நடத்தைதான் முக்கியம். இதனாலேயே கிளிசரின் நிரப்பிய டயலைத் தவிர்க்கவும். முள் அழகாக அசையாமல் நிற்கும், பார்க்க வேண்டிய துடிப்பும் அதோடு போய்விடும்.

ஹோஸை த்ராட்டில் தட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டிலேயே மாட்ட வேண்டும். கார்புரேட்டரில் தட்டுக்கு மேலே உள்ள துளையில் மாட்டினால் ஐடிலில் பூஜ்யம் காட்டி ஏமாற்றும். பிரேக் பூஸ்டர் லைனில் டி ஜாயின்ட் போட்டால், செக் வால்வுக்கும் (காற்றை ஒரே திசையில் விடும் வால்வு) மேனிஃபோல்டுக்கும் நடுவில் போடவும். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், ஏசி அணைந்திருக்க வேண்டும்.

ஐடிலில் முள் சீரான தாளத்தில் சில அங்குலம் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கலாம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டில் உறுதிசெய்யவும். ஒழுங்கில்லாமல் துடித்தால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரிவதில்லை. அசையாமல் தாழ்ந்து நின்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம் (பிளக் தாமதமாகப் பொறி விடும்), டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம், மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் காற்று புகலாம். இந்த மூன்றையும் கேஜ் மட்டும் பிரித்துச் சொல்லாது. பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வேண்டும்.

இந்தக் கிட்டின் விலை ஒரே சோதனையில் கழிந்துவிடும். எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். முள் ஐடில் அளவிலோ சற்று மேலேயோ நின்றால் எக்ஸாஸ்ட் வழி பெரும்பாலும் சரி. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ (எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) சைலன்சரோ அடைத்திருக்கிறது. ஐடிலில் புகை குறைவு என்பதால் அங்கே எல்லாம் சரியாகவே தெரியும், ஏமாறுவது இதில்தான். உறுதிசெய்ய, முன்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டவும்: 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் அடைப்பு. கன்வெர்ட்டரை மாற்றும் முன் மிஸ்ஃபயரைச் சரிசெய்யவும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உள்ளே இருக்கும் பீங்கானை உருக்கியதுதான் பல வண்டிகளில் அடைப்புக்கே காரணம். புதியதும் அதே கதிக்குப் போகும்.

நீளமான ஹோஸ் தனியாக வாங்கி, பக்கத்தில் ஒருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லி ஓட்டிப் பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து ஆர்பிஎம் ஏறும்போது முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 2, 3 அங்குலம் மிச்சம் இருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் கேபிள் தளர்ந்து த்ராட்டில் முழுதாகத் திறப்பதில்லை. பூஜ்யத்துக்கே வந்தும் வண்டி இழுக்காவிட்டால் அடுத்து பார்க்க வேண்டியது ஃப்யூயல் பிரஷர்.

அங்கே இந்தக் கிட் அதிகம் உதவாது. டயலின் மறுபாதியில் உள்ள 0–10 பிஎஸ்ஐ அளவு, 4 முதல் 7 பிஎஸ்ஐ தரும் கார்புரேட்டர் பம்ப்புக்கு மட்டும்தான். மல்டிபாயின்ட் இன்ஜெக்ஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்) லைனில் பொதுவாக 40 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். அதில் இதை மாட்டினால் டயல் போவது ஒரு பக்கம், சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். அதற்கென்று 100 பிஎஸ்ஐ கேஜ் தனியாக வாங்கவும்.