என்விஎம்இ என்க்ளோஷர்: அட்டையில் போட்ட வேகமும் ஒரு வருடப் புழக்கத்தில் வரும் வேகமும்

என்விஎம்இ வகைச் சின்ன எஸ்எஸ்டியை (சிப்பில் சேமிக்கும் டிரைவ்) உள்ளே மாட்டி, யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கும் கூடுதான் என்க்ளோஷர். அதன் பெட்டி அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் "10 ஜிபிபிஎஸ்" (நொடிக்கு 10 கிகாபிட்) பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 1,250 எம்பி. தரவை அனுப்பும் முறைக்கே செலவாகும் பங்கு போக, கைக்கு வருவது 1,000 எம்பிக்குப் பக்கம். இதில் பொய் கிடையாது. வில்லங்கம் "3.2" என்ற எண்ணில் இருக்கிறது. பழைய யுஎஸ்பி 3.0 தான் 3.1 ஜென் 1 (ஜென் என்றால் தலைமுறை) ஆகி, பிறகு 3.2 ஜென் 1 ஆகிவிட்டது. வேகம் அதே 5 ஜிபிபிஎஸ். ஜென் எண் போடாமல் வெறும் "3.2" என்றிருந்தால் 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 ஜிபிபிஎஸ் மாடல் வாங்கினாலும், கணினியின் போர்ட் 2×2 வகையாக (10 ஜிபிபிஎஸ் பாதை இரண்டு சேர்ந்தது) இல்லையென்றால் 10-க்கு இறங்கிவிடும்.

வேகம் 40 எம்பியிலேயே முட்டி நின்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் யுஎஸ்பி 2.0 இணைப்பு மட்டும்தான்.

விளம்பர எண் நிஜமாவது எழுதத் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்குத்தான். செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி, நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி சிப்பின் ஒரு பகுதியை கேச் ஆக்கி, அதில் மட்டும் செல்லுக்கு ஒரு பிட் வீதம் எழுதி வேகம் காட்டுகிறார்கள். அந்த கேச் நிரம்பியதும் வேகம் பொத்தென்று விழும்; மலிவான கியூஎல்சி என்றால் சாதாரண ஹார்டு டிஸ்க்கையும் விடக் கீழே போகும். பல மாடல்களில் டிரைவ் நிரம்ப நிரம்ப கேச்சும் சுருங்கும். வாங்கிய வாரத்தில் பறந்தது, முக்கால்வாசி நிரம்பியபின் தவழ்வது இதனால்தான். 1 ஜிபி மட்டும் எழுதிப் பார்க்கும் பெஞ்ச்மார்க்கில் (வேகச் சோதனை) இதெல்லாம் சிக்காது. வேகமான இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து 100 ஜிபி கோப்பு ஒன்றை நகலெடுத்து, நகலெடுக்கும்போது திரையில் வரும் வேகக் கோட்டைப் பாருங்கள். ஒருமுறை விழுந்து தரையோடு நேராக ஓடினால் கேச் தீர்ந்திருக்கிறது. ஏறி இறங்கி ரம்பப் பல் மாதிரி போனால் சூடு; சூடேறும்போது டிரைவ் தானே வேகத்தைக் குறைக்கிறது. அப்போது மூடியைக் கழற்றி, சூட்டை மூடிக்குக் கடத்தும் தெர்மல் பேடைப் பார்க்க வேண்டும்: இரண்டு பக்கப் பிளாஸ்டிக் தாளும் உரித்திருக்கிறதா, பேட், டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பையும் அலுமினிய மூடியையும் ஒருசேரத் தொடுகிறதா? சிலருக்கு அந்தத் தாள் உள்ளேயே இருக்கும்!

1 டிபி டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது மோசடி இல்லை. 1,000-க்கும் 1,024-க்கும் உள்ள கணக்குதான். அடிமாட்டு விலையில் வரும் "16 டிபி" கையடக்க எஸ்எஸ்டிதான் மோசடி. பிரித்தால் பெரும்பாலும் மைக்ரோ எஸ்டி கார்டு இருக்கும். நிஜக் கொள்ளளவைத் தாண்டியதும் அதன் ஃபர்ம்வேர் (உள்ளே பதிந்திருக்கும் இயக்க மென்பொருள்) பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதாமலே எழுதியதாகச் சொல்லும். கோப்பின் பெயரும் அளவும் சரியாகத்தான் தெரியும், திறந்தால் பாழ். டிரைவ் முழுவதையும் சோதிக்காத குவிக் ஃபார்மட் இதைக் கண்டுபிடிக்காது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3) என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக்க எழுதித் திருப்பிப் படியுங்கள். 2 டிபிக்கு, நொடிக்கு 100 எம்பி வேகத்தில், எழுத மட்டும் ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஓர் இரவு ஓடவிடுங்கள். பாதியில் நிறுத்திய சோதனை பிழை காட்டாவிட்டால் அதை நம்ப முடியாது.